புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

அத்தியாயம் 14

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்த கடிதத்தைப் பத்மஜா இதற்குள் பதினெட்டுத் தடவையாவது படித்திருப்பாள். பதினெட்டுத் தடவையும் அதில் ஒரே சங்கதிதான் இருந்தது. காலஞ்சென்ற மஹாதேவன் பெயரில் உள்ள கைத்துப்பாக்கியை, லைசென்ஸ் புத்தகத்தோடு, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். நம்பர் சரிபார்க்கப்படும்.

இன்று ஞாயிறு.

மாமனார் போய்ப் பத்து மாதமாகிவிட்டது. பாங்க் கணக்கு, காஸ், எலெக்ட்ரிக் மீட்டர் என்று எல்லாவற்றிலும் ஓடி ஓடிப் பெயர் மாற்றிய அவள் கணவன் ரமணன், துப்பாக்கியை மட்டும் 'பாத்துக்கலாம், பாத்துக்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்தான். அதற்குள் தேர்தல் வந்துவிட்டது. தேர்தல் என்றால் ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் வைத்தாக வேண்டும்.

மஹாதேவன் இருந்தவரை அது ஒரு பிரச்னையாகவே இருந்ததில்லை. ஜரிகை வேஷ்டித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவரே போவார். நாற்காலி போட்டு டீ கொடுப்பார்கள். லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்து நம்பரை எழுதி ரசீது கிழித்துத் தருவார்கள். துணியைப் பிரித்துப் பார்த்த புண்ணியவான் ஒருத்தரும் கிடையாது. புதிதாக வந்திருக்கிற அதிகாரி, எல்லாரும் 'பொரோபாபு' என்று பயத்தோடு சொல்கிறார்களே, அவர் டீ கொடுக்கிற ஆசாமி இல்லையாம்.

இதற்கு நடுவில் போன வாரம் ரஞ்சன் வேறு ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தான். ரமணனின் தம்பி. சால்ட் லேக்கில் குடியிருந்துகொண்டு, செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன். "மன்னி, இதே மாதிரி ஜெர்மன் பிஸ்டல் வெளிநாட்ல ஏலத்துல எட்டு லட்சத்துக்குப் போயிருக்கு. ஸ்டேஷன்ல கொண்டுபோய்த் தூக்கிக் கொடுக்கறதுக்கு முன்னாடி இது என்னன்னு தெரிஞ்சவா ஒருத்தர் பாக்கணும்" என்று ஒற்றைக் காலில் நின்றான்.

ரமணனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குப் பதவி உயர்வுக்கான இண்டர்வியூ. முப்பது வருஷ பாங்க் உத்தியோகத்தின் கடைசிப் படி. விஜிலன்ஸிலிருந்து ஒரு காகிதம் சுத்தமாக வந்தால்தான் ஏற முடியும். ஒரு எஃப்.ஐ.ஆர்., ஒரு நோட்டீஸ், ஏன், வாசலில் ஒரு போலீஸ் ஜீப் நின்றால்கூடப் போதும், எல்லாம் போச்சு.

ஆகையால் காலையிலிருந்தே படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தான். "படிக்கணும். யார் வந்தாலும் என்னைக் கூப்பிடாதே" என்று உத்தரவு. காய்கறிக்காரனிடம்கூடக் கால் மணி நேரம் கதை பேசுகிற மனுஷன் இவன். பத்மஜாவுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

பத்தரைக்கு ரஞ்சன் வந்தான். அவன் பின்னால், நாலு மாடி ஏறிய களைப்போடு, ஒல்லியாக ஒரு பெரியவர். வெள்ளைச் சட்டை, கையில் பழைய டிபன் கேரியர் பை.

"மன்னி, மாரியப்பன் சார். ரைஃபிள் கிளப்ல முப்பத்திரண்டு வருஷம் துப்பாக்கி ரிப்பேர் பார்த்தவர். டல்ஹௌசில துப்பாக்கிக் கடைக்காராளே விலை தெரியலைன்னா இவரைத்தான் கூப்பிடுவா. சாந்த்ராகாச்சிலேர்ந்து கூட்டிண்டு வரேன்."

"வணக்கம்மா. லிஃப்ட் வேலை செய்யலியோ?"

"நின்னு நாலு நாளாறது. உக்காருங்கோ. மோர் கொண்டு வரேன்."

"மோர் பொறவு. மொதல்ல அதக் கொண்டாங்க. பாக்காம இருக்க முடியல."

சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தாள் பத்மஜா. பூஜை அலமாரியிலிருந்து ஜரிகைத் துணி மூட்டையை எடுத்து வந்து, குழந்தையைக் கிடத்துகிற மாதிரி அதன்மேல் வைத்தாள். மாரியப்பன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு துணியைப் பிரித்தார்.

நீளமான குழல். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் வரும். கைக்கு அச்செடுத்த மாதிரி வளைத்துச் செதுக்கிய மரப் பிடி. ட்ரிகர் பாதுகாப்பு வளையத்தின் கீழே வால் மாதிரி ஒரு நெம்புகோல்.

அவர் முதலில் செய்தது அந்த நெம்புகோலை இழுத்து உள்ளே தோட்டா இல்லையென்று பார்த்ததுதான். டிபன் கேரியர் பையிலிருந்து பூதக்கண்ணாடி, அளவுகோல், சின்னச் சின்னத் திருப்புளிகள் எல்லாம் வெளியே வந்தன.

"யம்மா, கொஞ்சம் முகப் பவுடர் இருக்குமா? எழுத்து மங்கியிருக்கு. தடவிப் பாக்கணும்."

வீட்டில் பவுடர் போடுகிற ஆள் கிடையாது. பத்மஜா யோசித்துவிட்டு விபூதிச் சம்புடத்தைக் கொண்டு வந்தாள். மாரியப்பன் சிரித்தார். "இது அதவிட நல்லதா போச்சு" என்று ஒரு சிட்டிகை எடுத்துக் குழலின் மேல்பக்கம் தடவினார். ஊதினார். பள்ளத்தில் மட்டும் வெள்ளை தங்கியது. எழுத்துக்கள் எழுந்து வந்தன. முன்பாதி தேய்ந்திருந்தது, பின்பாதி மட்டும் கோணல்மாணலாகத் தெரிந்தது.

"செஞ்சவங்க பேரு போச்சு, ஊர்ப் பேரு நிக்கி. ட்செல்லா-மெலிஸ்னு ஜெர்மனில ஒரு ஊரு. ஊரு பூரா துப்பாக்கிப் பட்டறைதான். அது மொதல்ல ரெண்டு தனித்தனி ஊரா இருந்திச்சு தம்பி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பதுலதான் ரெண்டையும் சேத்தாங்க. சேத்த பேரு இதுல இருக்கு. அப்ப அதுக்குப் பொறவு செஞ்சது. இங்க பாருங்க, பக்கத்துல சின்னதா ஒரு கிரீடம் குத்தியிருக்கா? சர்க்கார் சோதிச்சுப் பாத்து வைக்குற முத்திரை. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல கிரீடத்த எடுத்துட்டுக் கழுகு குத்த ஆரம்பிச்சுட்டாங்க. அப்ப அதுக்கு முன்னால செஞ்சது. நடுவுல இருவது வருஷம். மொத்தத்துல நூறு வயசுக் கெழவன்னு வச்சுக்கிடுங்க."

ரஞ்சன் கண்கள் விரிந்தன. "ஆரே வாஹ்!"

"இது ஆளக் கொல்லுறதுக்குச் செஞ்சதில்லம்மா. அட்டையில வட்டம் போட்டு ஒட்டிச் சுடுவாங்கல்ல, அந்தப் பந்தயத்துக்குன்னே செஞ்சது. ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. இந்தப் பக்கம் சின்ன ஊசி மாதிரி இருக்கே, இத மொதல்ல அமுக்கினா ட்ரிகர் தயாராயிடும். பொறவு அதத் தொடவே வேண்டாம், மூச்சு பட்டாப் போதும்."

அமுக்கிக் காட்டினார். 'டிக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ட்ரிகரை நகத்தால் தொட்டார். இன்னொரு 'டிக்'. இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்துவந்த பொருள் இப்படிப் பேசும் என்று பத்மஜாவுக்கு அன்றுதான் தெரியும்.

"அம்பது வருஷத்துல இந்த ஜாதித் துப்பாக்கி என் கைக்கு வர்றது இது ரெண்டாவது தடவ" என்றார் மாரியப்பன். "மொதல் தடவ கொண்டு வந்தவரு முகந்தான் பிடிபடல."

"சார், விலை?" ரஞ்சனால் பொறுக்க முடியவில்லை.

மாரியப்பன் துப்பாக்கியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"இரும்பு ஏன் இப்படி வெள்ளையா பளபளன்னு இருக்கு? நீலங் கலந்த கறுப்பால்ல இருக்கணும்? அந்தக் கறுப்புலதான் இதோட உசுரே இருக்கு. யாரு இதத் தேச்சது?"

பத்மஜா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நான்தான். ஆயுத பூஜைக்கு."

விஷயம் இவ்வளவுதான். நவராத்திரியில் ஒன்பதாம் நாள், தெருவில் துர்கா பந்தலில் டாக் மேளம் முழங்கிக்கொண்டிருக்கும்போது, இந்த வீட்டில் அரிவாள்மணை, தையல் மெஷின், ரமணனின் கால்குலேட்டர், ரஞ்சனின் பழைய லாப்டாப் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருக்கும். நடுநாயகமாக மஹாதேவனின் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூஜைக்கு முதல் நாள் உலோகம் எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்ப்பது மாமியார் காலத்திலிருந்து வந்த வழக்கம். குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம், அப்புறம் துப்பாக்கி. புது மருமகளாக வந்த வருஷமே அந்த வேலை பத்மஜாவிடம் வந்துவிட்டது. அவளும் விளக்குக்கு ஒரு நியாயம், துப்பாக்கிக்கு ஒரு நியாயம் என்று பார்க்காமல், புளியும் செங்கல்பொடியுமாக இரண்டையும் ஒன்றுபோலத் துலக்கி வைத்தாள்.

"புளியா?" என்றார் மாரியப்பன். "குண்டடி பட்ட துப்பாக்கி பாத்திருக்கேன், தண்ணில கெடந்தது பாத்திருக்கேன். புளி போட்டுத் தேச்சேன்னு ஒருத்தர் சொல்லி இப்பத்தாம்மா கேக்கேன்."

"ஈஷ்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் ரஞ்சன். "சர்பனாஷ்! மன்னி, என்ன மன்னி இது, பித்தளைச் சொம்பா?"

"எனக்கென்ன தெரியும் ரஞ்சன்? அப்பா ஒரு நாள்கூட வேண்டாம்னு சொல்லலை. நன்னாத் தேச்சிருக்கேன்னு சொல்லுவார். இந்தாத்துல அவர் என்னை நன்னாச் செஞ்சேன்னு சொன்னது அது ஒண்ணுக்குத்தான்."

சாம்பாரிலும் ரசத்திலும் ஒரு குறை கண்டுபிடிக்காமல் எழுந்திருக்காதவர் மஹாதேவன். வருஷத்தில் ஒரு நாள், துலக்கி வைத்த துப்பாக்கியைக் கையில் வாங்கி, 'பலே' என்பார். அந்த ஒரு 'பலே'வுக்காக அவள் விரல் நகம் போகத் தேய்த்திருக்கிறாள். இப்போது நினைத்தால் அவமானமாக இருந்தது.

"விலை எவ்வளவு குறையும் சார்?" என்று ரஞ்சன் கேட்டான்.

"தம்பி, நீங்க பாத்த எட்டு லட்சம் வெளிநாட்டுக் கணக்கு. அங்க அனுப்ப உங்களுக்கு வழி கெடையாது. இங்க லைசென்ஸ் உள்ளவந்தான் வாங்கலாம். இதுக்குப் போடுத தோட்டா இன்னைக்கும் கடையில கெடைக்கி. அதனால நூறு வயசானாலும் சட்டத்துக்கு இது பழம்பொருள் இல்ல, துப்பாக்கிதான். மேல்பூச்சோட இருந்தா ரெண்டு லட்சம் வரைக்கும் கேக்கலாம். இப்ப அதுல கால்வாசி கெடச்சாப் பெருசு. சரி, லைசென்ஸ் புஸ்தகத்தக் கொடுங்க. நம்பரப் பாப்போம்."

ரஞ்சன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே புத்தகத்தைப் பிரித்துப் படித்தான். "நம்பர் நாலு, ஒண்ணு, ஏழு, ரெண்டு."

மாரியப்பனின் கை அப்படியே நின்றது.

"என்னது? திருப்பிச் சொல்லுங்க."

"நாலாயிரத்து நூத்தி எழுபத்திரண்டு."

அவர் பூதக்கண்ணாடியைக் குழலின் இடப்பக்கம் கொண்டுபோனார். விபூதி தடவினார். ஊதினார். இன்னொரு தடவை தடவினார். வெள்ளை எங்கும் தங்கவில்லை. இரும்பு வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது.

"நம்பர் இங்கதான் குத்தியிருப்பாங்க" என்றார் மெதுவாக. "இல்ல. சுத்தமா தேஞ்சு போயிருக்கு. இது புளிக்குப் போறதில்லம்மா. வேற என்ன போட்டீங்க?"

"ஒரு வருஷம் துருப் பிடிச்சுதுன்னு உப்புத்தாள் போட்டேன். பன்னண்டு வருஷம் இருக்கும். அப்பாதான் வாங்கிண்டு வந்தார்."

அவள் கடைசியில் சொன்னதை ரஞ்சன் காதில் வாங்கவேயில்லை. "உப்புத்தாளா!" என்று எழுந்து நின்றுவிட்டான்.

மாரியப்பன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொல்லுதத நிதானமா கேளுங்க. விலை கெடக்கட்டும். நாளைக்கு இதக் கொண்டு போனா அவங்க மொதல்ல தேடுதது நம்பர். நம்பர அழிச்ச துப்பாக்கி யாரு கையில இருக்கோ, அவங்கதான் அழிச்சாங்கன்னு சட்டம் எடுத்துக்கிடும். இல்லன்னு நிரூபிக்க வேண்டியது உங்க பொறுப்பு. அது பெரிய கேஸு. உள்ள வைப்பாங்க."

பத்மஜாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இத்தனை வருஷம் துப்பாக்கிக்குக் கரைத்ததெல்லாம் சேர்ந்து இப்போது அவள் வயிற்றுக்கு வந்துவிட்டது.

"கொண்டு போகலேன்னா?"

"கடுதாசி வந்திருக்கே. கொண்டு போகலைன்னா அவங்க வருவாங்க."

"கங்கையில போட்டுட்டுத் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னா?" இது ரஞ்சன்.

"தொலஞ்ச அன்னைக்கே ஏன் சொல்லலம்பாங்க. தொலஞ்ச துப்பாக்கில யாரையாச்சும் சுட்டா யாரு பொறுப்பும்பாங்க. அது இதவிட மோசம் தம்பி."

"வேற யாருக்காவது வித்துட்டா?"

"நம்பர் இல்லாதத நல்லவன் வாங்க மாட்டான். வாங்குதவன் நல்லவனா இருக்க மாட்டான்."

ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டே வந்தது. கொடுத்தால் குற்றம், கொடுக்காவிட்டால் குற்றம், தொலைத்தால் குற்றம், விற்றால் குற்றம். ஜன்னலுக்கு வெளியே காளிகாட் மெட்ரோ பக்கத்திலிருந்து ஆட்டோக்காரர்கள் ஆள் கூப்பிடுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் இறங்கிப் போய்விட்டால் தேவலை என்று இருந்தது பத்மஜாவுக்கு.

"பத்மா!" உள்ளேயிருந்து ரமணனின் குரல். "இங்க வா."

கதவைக் கையளவு திறந்து அவளை உள்ளே விட்டு உடனே சாத்தினான். இண்டர்வியூ புத்தகம் எதுவும் கட்டில்மேல் இல்லை. மடியில் ஒரு காகிதமும் பேனாவும்தான் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"கவலைப்படாதே. எனக்கு இதெல்லாம் டிராஃப்ட் பண்ணத் தெரியும். இதைப் பாரு."

அழகான கையெழுத்து. ஆங்கிலத்தில். 'பத்மஜா ஆகிய நான், அறியாமையால், பூஜை நிமித்தம் மேற்படி ஆயுதத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். என் கணவருக்கு இது தெரியாது.'

பத்மஜா அதை இரண்டு தடவை படித்தாள்.

"தெரியாதா? வருஷா வருஷம் பக்கத்துல நின்னு கற்பூரம் காட்டினேளே?"

"ஐயோ, எழுதறதுதான். ஆத்துப் பொம்மனாட்டி, பூஜை, புளின்னா பெரிய கேஸ் ஆகாது. சிரிச்சுண்டே விட்டுடுவா. என் பேர் வந்தா என் உத்தியோகம் போயிடும் பத்மா. உன் பேர் வந்தா என்ன போயிடும்?"

அவன் அதை ஒரு வில்லன் மாதிரிச் சொல்லவில்லை. பாங்கில் ஒரு ஃபைலை எந்த மேஜைக்கு அனுப்பலாம் என்று சொல்கிற மாதிரி, நியாயமான குரலில் சொன்னான். பத்மஜாவுக்கு அதுதான் தாங்கவில்லை. கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் தன் பேர் எங்கேயும் இல்லை என்பதும், முதல்முதலாக அது வரப்போகிற இடம் போலீஸ் ரெக்கார்டு என்பதும் ஒரே சமயத்தில் அவளுக்குப் புரிந்தது. கோபம் வந்தது. கோபத்தைவிடக் கூடுதலாகப் பயம் வந்தது.

வெளியே ரஞ்சனின் குரல் கேட்டது. "மன்னி, சீக்கிரம் வாங்கோ! குழலுக்கு அடியில இந்தக் கட்டைக்குள்ள இன்னொரு இடத்துல நம்பர் இருக்குமாம். சார் கழட்டறார்!"

ரமணன் எழுந்த வேகத்தில் பேனா தரையில் விழுந்தது. "கழட்ட வேண்டாம்னு சொல்லு! பத்மா, கழட்ட வேண்டாம்னு சொல்லு!"

"ஏன்? நம்பர் கிடைச்சா நல்லதுதானே?"

அவன் காலையிலிருந்து சாத்தியிருந்த கதவைத் தானே திறந்துகொண்டு ஹாலுக்கு ஓடினான்.

தாமதம்தான். இரண்டு திருகாணிகள் செய்தித்தாள்மேல் உருண்டு கிடந்தன. குழலுக்குக் கீழே இருந்த மரத்துண்டு தனியாக வந்துவிட்டது. புளியும் சந்தனமும் படாத அந்த இடத்தில் இரும்பு பிறந்த அன்றைய நிறத்தில், கருநீலமாக இருந்தது. அதில் பளிச்சென்று மூன்றே எண்கள்.

"ஆறு, எட்டு, எட்டு" என்று படித்தான் ரஞ்சன். "அறுநூத்தி எண்பத்தெட்டு? லைசென்ஸ்ல நாலாயிரத்துச் சொச்சம்னா இருக்கு?"

"மேல அழிஞ்ச நம்பரும் இதேதான் இருந்திருக்கும். ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பரத்தான் குத்துவாங்க" என்ற மாரியப்பன் தலையை நிமிர்த்தினார். "இது லைசென்ஸ்ல உள்ள துப்பாக்கியே இல்ல. அந்த நாலாயிரத்து நூத்தி எழுபத்திரண்ட நான்..."

ஹாலில் வந்து நின்ற ரமணனைப் பார்த்தார். வாக்கியம் பாதியில் நின்றது.

ரமணன் சுவரைப் பார்த்தான்.

மாரியப்பன் மரத்துண்டைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார். துணியில் சுற்றினார். கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டார். ரஞ்சன் நீட்டிய கவரை வாங்கவில்லை. "நான் வாறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். 'பொறவு' என்று சொன்ன மோரைக் கேட்கவேயில்லை.

பத்மஜா பின்னாலேயே படியிறங்கினாள். மூன்றாவது மாடி வளைவில் அவரைப் பிடித்துவிட்டாள்.

"மாமா, ஒரு நிமிஷம். நீங்க எதையோ சொல்ல வந்தேள். சொல்லாம போகாதீங்கோ. நாளைக்கு ஸ்டேஷன்ல போய் நிக்கப் போறது நான்."

"நீங்களா? ஏன்?"

"எல்லாம் நான்தான் பண்ணினேன்னு ஒரு காகிதம் தயாரா இருக்கு. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

மாரியப்பன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"பதிமூணு வருஷம் இருக்கும்மா. டல்ஹௌசிக் கடையில நான் உக்காந்திருக்கேன். ஒருத்தர் இதே மாதிரித் துப்பாக்கி கொண்டு வந்தாரு, ட்ரிகர் ஸ்ப்ரிங் ஒடஞ்சு போச்சுன்னு. அதுவும் இதே மாதிரி வெள்ளையா தேச்சதுதான், ஆனா நம்பர் பளிச்சுன்னு இருந்திச்சு. நான் மாத்திக் கொடுத்தேன். எந்தத் துப்பாக்கியத் தொட்டாலும் நம்பர நோட்டுல எழுதி, திருப்பி வாங்குதவங்க கிட்டக் கையெழுத்து வாங்கிக்கிடுவேன். பழக்கம். நம்பர் மறக்கல. முகந்தான் மறந்துபோச்சு. இப்ப உங்க வீட்டுல பாத்தேன்."

பத்மஜா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய அந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் முழுசாகக் கண்முன் வந்தது. 'கட்டையும் இரும்பும் ஏன் இவ்வளவு கறுத்திருக்கு?' என்று அவள் கேட்டாள். 'எண்ணெய் போட்டேன்' என்றார் மஹாதேவன். அப்புறம் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து நீட்டினார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, விரலால் தொட்டுக் காட்டினார். 'இங்கே துரு. இங்கேதான். இன்னும் நன்னாத் தேய்.' அன்றைக்கு ஒரு மணி நேரம் அவர் நகரவில்லை. கடைசியில் சொன்ன 'பலே' அவள் கேட்டதிலேயே பெரிய 'பலே'.

அங்கே துருவே இருந்திருக்காது. நம்பர்தான் இருந்திருக்கும். பிள்ளை எதையோ செய்துவிட்டு வேறு துப்பாக்கியைக் கொண்டுவந்து வைத்தான். அப்பா கண்டுபிடித்தார். பிள்ளையைக் காப்பாற்ற மருமகளின் கையை வாங்கிக்கொண்டார். அவளும் விரல் நகம் போக, சந்தோஷமாகத் தேய்த்தாள்.

"அந்த நோட்டு இப்போ எங்க இருக்கு மாமா?"

"வீட்டுலதான். டிரங்குப் பொட்டியில. யாரும் கேட்டு வந்தா எடுத்துக் கொடுப்பேன். கேக்காம நானா எங்கயும் கொண்டு போக மாட்டேன். அதுக்கு மேல உங்க இஷ்டம்மா."

அவர் இறங்கிப் போனார். பத்மஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள். ஒவ்வொரு படிக்கும் பயம் கொஞ்சம் கீழே தங்கியது. கோபம் மட்டும் கூட வந்தது.

ஹாலில் ரஞ்சன் அண்ணாவைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான். ரமணன் மறுபடியும் நியாயமான குரலுக்கு வந்துவிட்டிருந்தான்.

"அடியில இருக்கற நம்பரை யாரும் கழட்டிப் பாக்கப் போறதில்லை. மேல நம்பர் தேஞ்சு போச்சு, அவ்வளவுதான். அதுக்குத்தான் இந்த லெட்டர். இந்தா பத்மா. இங்க ஒண்ணு, கீழ தேதி போட்டு ஒண்ணு."

காகிதம் மேஜைமேல் இருந்தது. பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக நீட்டினான்.

பத்மஜா வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு வந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு நான் வரேன். தேச்சது நான்தான், அதையும் சொல்றேன். ஆனா சாந்த்ராகாச்சில ஒரு நோட்டு இருக்கு. அதுல நாலாயிரத்து நூத்தி எழுபத்திரண்டுக்கு நேரே உங்க கையெழுத்து இருக்கு. முதல்ல அதைப் பத்திச் சொல்லுங்கோ. அந்தத் துப்பாக்கி எங்க?"

"அண்ணா?" என்றான் ரஞ்சன்.

ரமணன் வாசல் கதவைப் பார்த்தான். தாழ்ப்பாளைப் பார்த்தான். சாத்திக்கொள்ள இன்னொரு அறை இருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி நின்றான். பிறகு முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான்.

"அதை நான் விக்கலை பத்மா" என்றான். குரல் அடையாளம் தெரியவில்லை. "சத்தியமா விக்கலை. ஒரு நாளைக்குத் தாடான்னு ஒருத்தன் கேட்டான், குடுத்தேன். அதை வெச்சுண்டு அவன் என்ன பண்ணினான்னு அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியும்."

ரஞ்சன் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான்.

பத்மஜா பேனாவை மூடினாள். அதை ரமணனின் சட்டைப் பையிலேயே திருப்பிச் செருகினாள். கடிதத்தைத் திருப்பி, எழுதாத பக்கம் மேலே வரும்படி அவன் முன்னால் வைத்தாள்.

"இதுல எழுதுங்கோ" என்றாள். "அவன் பேர்லேர்ந்து ஆரம்பிங்கோ."